ரெண்டு குழாயில் சொன்னது

ஜெபவூட்டம்மா சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நடக்காதது எனக்குத் தெரிந்தே மூன்று. அதில் ஒன்று என் வீட்டில். அந்த மூன்றையும் அவர் ஊரறியத் திருப்பி வாங்கிக்கொண்டபோது மைக்செட்டு கட்டியவன் நான். அதனால் எனக்குச் சொல்ல உரிமை உண்டு. நடந்ததைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

மூங்கில்துறைப்பட்டில் ஆலைக்குப் போகிற ரோட்டில் என் கடை. ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதில் ஆரம்பித்து கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு வரைக்கும் எல்லாவற்றுக்கும் செட்டு கட்டுவேன். நெற்றியில் விபூதி இல்லாமல் ஒரு நாளும் கடை திறந்ததில்லை. சாமி வந்து சொல்லுது, ஆவி வந்து சொல்லுது என்று கிளம்புகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அந்த மாதிரி ஆட்கள் பேசுவதை அவர்களுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து இருபது வருஷமாகக் கேட்டவன் நான். முன்னால் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்குத் தெரியாதது பின்னால் இருக்கிறவனுக்குத் தெரியும்.

அந்த அம்மா முதல்முதலாகக் கடைக்கு வந்தது ஒரு ஆடி மாசம். தலையில் கரும்பு வெட்டுகிறவர்கள் கட்டும் துண்டு. கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கோடுகள். ஊருக்கு வெளியே கரும்புக் கொல்லைகளை ஒட்டி ஒரு ஷீட்டு கொட்டாய் போட்டு, கூட வெட்டுகிற நாலு பேரை வைத்துக்கொண்டு ஜெபவூடு என்று ஒரு சபை ஆரம்பித்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நாலு நாற்பதாகி, நாற்பது இருநூறாகிக்கொண்டிருந்த சமயம்.

"ரெண்டு கொழா வோணும் தம்பி. நாளைக்குக் காலையில."

ஹார்ன் ஸ்பீக்கரைத்தான் எங்கள் பக்கம் குழாய் என்பது.

"இன்னா விசேஷம்மா?"

"விசேஷம் ஒண்ணும் இல்ல. நான் ஒரு பொய் சொல்லிட்டேன். அதைத் திருப்பி வாங்கணும்."

நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டுப் பார்த்தேன். "அதுக்கு மைக்செட்டு எதுக்கும்மா? யாராண்ட சொன்னீங்களோ அவங்களாண்ட போயி சொன்னா ஆவாதா?"

"மைக்குல சொன்னதை மைக்குலதான் வாங்கணும். ரெண்டு கொழாயில சொன்னேன். ஒத்தக் கொழாயில வாங்கினா பாதி ஊருக்குத்தான் கேக்கும்."

விஷயம் இதுதான். ஆனி பத்துக்குள் மழை வரும் என்று கர்த்தர் சொன்னதாக அவர் வேறொருவர் செட்டில் தெருமுனையில் பேசியிருந்தார். நம்பி மூன்று குடும்பம் வெறும் புழுதியில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, விதைத்துவிட்டது. மழை வரவில்லை. விதையை எறும்பு தின்றது. மறுநாள் காலையில் அதே தெருமுனையில் நின்று, "மழை வரும்னு சொன்னது அவரு இல்ல, நானு. வானத்தைப் பாத்துப் பாத்து ஏங்கினதுல எனக்கே அப்படிக் கேட்டுச்சு" என்றார். அதோடு விடவில்லை. ஆவணியில் அந்த மூன்று பேரும் மறுபடி விதைத்தபோது மூன்று கொல்லையிலும் கூலி வாங்காமல் களை எடுத்தார்.

இதை நான் பக்தியில் சொல்லவில்லை. எனக்கு அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. தொழில் தெரியாத பொம்பளை என்று நினைத்தேன். எந்தச் சாமியாராவது குறி தப்பியதற்கு மேடை போட்டிருக்கிறானா?

எல்லாரும் மைக்கை வாங்கியதும் "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்பார்கள். அந்த அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் தப்பா பேசினா யாராச்சும் எழுந்து கேளுங்க" என்பார். அதுதான் அவருடைய மைக் டெஸ்டிங். ஒருதரம் ஷாக் அடித்ததிலிருந்து மைக்கைத் துண்டால் சுற்றித்தான் பிடிப்பார். ஆவியை வைத்துப் பேயை விரட்டுகிறவருக்குக் கரண்டு என்றால் அவ்வளவு பயம். நான் கிண்டல் செய்தால், "பேயி சொன்னா கேக்கும் தம்பி, கரண்டு கேக்காது" என்பார்.

எழுந்து கேளுங்கள் என்றது சும்மா பேச்சுக்கு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லாட்டை பறிகொடுத்த மூன்று பேரில் ஒருவர் குடித்துவிட்டு வந்து மைக்கைப் பிடுங்கினார். "மழைக்காரி! என் வெதை எங்கடி?" என்று ஆரம்பித்து, வாயில் வந்ததெல்லாம் சொன்னார். நான் பட்டென்று ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டேன். நல்லது செய்ததாக நினைப்பு. அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

"எவன்டா உன்னை அணைக்கச் சொன்னது?"

அதுவரை என்னை 'டா' போட்டதில்லை.

"அசிங்கமா பேசறாருமா."

"அவரு வெதை போச்சு, பேசறாரு. முடிக்கட்டும். அப்பால நான் பேசறேன். ஒருத்தன் பேசறப்ப மைக்கை அணைக்கறது பயந்தவன் வேலை. நீ பயந்தவனா?"

போட்டேன். அவர் இன்னும் பத்து நிமிஷம் திட்டிவிட்டு அழுதார். அவர் உட்கார்ந்ததும் அந்த அம்மா மைக்கை வாங்கி, "இவரு சொன்னது அத்தனையும் நெசம்" என்று சொல்லிவிட்டு ஜெபத்தை ஆரம்பித்தார். அந்த மனுஷன் சாகும்வரைக்கும் அந்தச் சபையை விட்டுப் போகவில்லை.

கர்த்தர் பேசுவது உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று ஒருநாள் அந்த அம்மாவிடம் கேட்டேன். குழாயைக் கழற்றி மொபெட்டில் கட்டிக்கொண்டிருந்தேன், அவர் வயரைச் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் முதன்முதலில் கேட்டது, பக்கத்தில் யாரும் இல்லை என்றார். வயரைச் சுருட்டி முடித்துவிட்டு, "கேக்கறது ரெண்டு தம்பி. ஒண்ணு அவரு, ஒண்ணு என் ஆசை. ரெண்டும் ஒரே கொரல்ல பேசுது. அதான் ரோதனை" என்றார். பின்னால் உட்கார்ந்து கேட்ட இருபது வருஷத்தில் எந்தச் சாமியும் சாமியாரும் என்னிடம் இப்படி உண்மையைச் சொன்னதில்லை. அன்றிலிருந்து அவருக்கு மட்டும் வாடகையில் பாதிதான் வாங்கினேன்.

ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரர். பெயர் வேண்டாம். எலெக்ஷனுக்கு நிற்கும் முன்னால் காரில் பழத்தட்டோடு வந்தார். ஜெயிப்பேனா என்று கர்த்தரிடம் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். அந்த அம்மா பழத்தைத் தொடவில்லை.

"உங்கூட்டுத் தொழுவத்துல கூலிக்காரங்களுக்குத் தண்ணி ஊத்த ஒரு சொம்பு தனியா மாட்டி வெச்சிருக்கீங்களே, நசுங்கினது. அந்த சொம்பை எடுத்து உள்ள வைங்க. அந்த சொம்புலயே நீங்களும் குடிங்க. அப்பால வந்து கேளுங்க, சொல்றேன்."

அவர் பழத்தட்டை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த கூட்டத்தில் நாலு பேர் வந்து என் ஒரு குழாயின் வயரை அறுத்து, அதை நசுக்கிவிட்டும் போனார்கள். அந்த அம்மாவுக்கு வந்த கோபத்தில் மிச்சமிருந்த ஒற்றைக் குழாயில், "தை பொறக்கறதுக்குள்ள அந்த வூடு விழும்னு கர்த்தர் சொல்றாரு" என்று கத்திவிட்டார். தை பிறந்தது. வீடு விழவில்லை. அதற்குள் பண்ணைக்காரர் ஜெயித்து, மேலே இன்னொரு மாடியும் கட்டியிருந்தார்.

நான் நினைத்தது போலவே தை பிறந்த மறுநாள் அந்த அம்மா கடைக்கு வந்துவிட்டார். "வேணாம்மா, உதைப்பானுங்க" என்றேன். "ஒத்தக் கொழாயிலதான் சொன்னேன், ஒண்ணு போதும்" என்றார். பயத்தோடுதான் போனேன். பண்ணைக்காரர் வாசலுக்கு நேராக நின்று, துண்டால் மைக்கைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"ஐயா, உங்க வூடு விழும்னு சொன்னது என் கோவம். கர்த்தர் இல்ல. அதைத் திருப்பி எடுத்துக்கறேன், மன்னிச்சிடுங்க. ஆனா சொம்பை உள்ள வைங்கன்னு சொன்னது கர்த்தர். அதை எடுக்க மாட்டேன்."

பண்ணைக்காரர் மேல்மாடியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சொம்பு உள்ளே போனதா என்றால் போகவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து அங்கே வேலைக்குப் போகிற பெண்கள் அவரவர் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். சொம்பு தொழுவத்தில் தொங்கியபடியே துருப்பிடித்தது. வேலைக்குப் போய் வருகிறவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

பட்டம் பதவி என்றால் அந்த அம்மாவுக்கு ஒவ்வாது. டவுனிலிருந்து ஒரு பெரிய பாஸ்டர் வந்து, சபையைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளப் பார்த்தார். இவர் முகத்தை ஆள் உயரத்துக்குப் போட்டு 'தென்னகத்தின் தீர்க்கதரிசினி' என்று ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துக் கொண்டுவந்தார். அந்த அம்மா வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். சரி, மயங்கிவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த புதன்கிழமை அது கல்வராயன்மலைக்குப் போனது. புதன்தோறும் பஸ்ஸேறி வெள்ளிமலைக்கு மேலே போய், மலைக்காரர்களோடு இருந்துவிட்டு வருவது அவர் வழக்கம். அங்கே ஃப்ளெக்ஸை விரித்து, அவர் முகத்தின் மேலேயே மரவள்ளிக்கிழங்குச் சில்லு காயப்போட்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். "நல்ல கெட்டி ஷீட்டு, மண்ணு ஒட்டல" என்றார்.

நான் அந்த மலைக்குப் போனது கிழங்கு பார்க்க இல்லை. சண்டை போட. இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

எனக்கும் செல்விக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரி, கோயில், மருந்து, மண்சோறு எல்லாம் ஆனது. கடைசியில் செல்வி அந்தச் சபைக்குப் போக ஆரம்பித்தாள். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் மனசு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முன்வரிசையில் அழுதுகொண்டிருந்தாள். அந்த அம்மா பேச்சை நிறுத்தி, அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அடுத்த வெட்டுக்குள்ள செல்வி மடியில புள்ளை இருக்கும். கர்த்தர் சொல்றாரு" என்றார். என் செட்டில், என் ரெண்டு குழாயில், ஊர் முழுக்கக் கேட்டது.

அதற்கப்புறம் செல்வி தெருவில் நடக்க முடியவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் வயிற்றைப் பார்ப்பார்கள். மாசாமாசம் கேட்பார்கள். அவள் ஒரு சின்னச் சட்டை வாங்கி பீரோவில் வைத்ததை நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன். கரும்பு ஒரு சுற்று வளர்ந்து வெட்டுக்கு வந்தது. வெட்டி டிராக்டரில் ஏற்றியும் ஆயிற்று. மடி அப்படியே இருந்தது.

சபைக்கு ஒரு மூப்பர் உண்டு. அந்த அம்மாவுக்கு அடுத்தபடி அவர்தான். வீட்டுக்கு வந்து, நான் இருக்கும்போதே செல்வியைக் கேட்டார். "வார்த்தை வந்துச்சு, ஆனா நிக்கல. கொறை வார்த்தையில இருக்காது. மறைவா எதனா பாவம் இருந்தா சொல்லிடும்மா. விசுவாசக் கொறைச்சலா இருந்தாலும் சொல்லிடு." அன்றிலிருந்து அவளைக் கடைசி வரிசையில் உட்காரச் சொன்னார்கள். அவள் சாப்பாட்டை விட்டாள். உபவாசம் என்று சொல்லிக்கொண்டாள். எனக்குத் தெரியும், அது உபவாசம் இல்லை.

நாலாம் நாள், புதன்கிழமை, மொபெட்டை எடுத்துக்கொண்டு மலையேறினேன். கிழங்கைப் புரட்டிக்கொண்டிருந்தவரிடம் போய் வாய்க்கு வந்தபடி கத்தினேன். மழைக்கு மைக் கட்டினீங்களே, பண்ணைக்காரனுக்குக் கட்டினீங்களே, எம்பொண்டாட்டின்னா மட்டும் எளக்காரமா, உங்க கர்த்தருக்கு அவதான் கெடைச்சாளா என்று என்னென்னவோ கேட்டேன். அவர் தடுக்கவில்லை. முடிக்க விட்டார்.

அப்புறம், "அந்த ஆளு வூட்டுக்கே வந்து கேட்டானா?" என்றார்.

"கேட்டாரு."

"கடைசியிலயா ஒக்கார வெச்சாங்க?"

"ஆமா. நாலு நாளா ஒரு வாய் சோறு எறங்கல அவளுக்கு."

"எனக்கு யாரும் சொல்லல." கையிலிருந்த கிழங்கைக் கீழே போட்டார். "நான் மட்டும் இன்னா யோக்கியம். வெட்டு முடிஞ்சே பத்து நாளாச்சு, இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிகினு இருந்தேன். அந்தப் பொண்ணு மூஞ்சப் பாக்க தெகிரியம் இல்ல. தப்பு." எழுந்து துண்டை உதறினார். "நாளைக்கு ரெண்டு கொழா கட்டு. அதே எடம்."

மறுநாள் மூப்பர் வழிமறித்தார். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சபை கலைந்துவிடுமோ என்று பயந்தவர். "அம்மா, மழையின்னா பரவால்ல. புள்ளை வரம் பொய்யின்னு நீங்களே சொன்னா அப்பறம் எவன் வருவான்? ஊழியம் நிக்குமா?"

"பொய்யில நிக்கற ஊழியம் விழட்டும்" என்று அவரைத் தாண்டிப் போனார்.

தொண்டையைச் செருமினார். தப்பாகப் பேசினால் எழுந்து கேளுங்கள் என்றார். துண்டைச் சுற்றி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"செல்வி மடியில புள்ளை இருக்கும்னு சொன்னது நானு. அவ அழுதா, எனக்குத் தாங்கல. என் ஆசைய எடுத்து அவரு பேருல சொல்லிட்டேன். செல்விக்கிட்ட கொறை இல்ல, பாவம் இல்ல. விசுவாசத்துல என்னை விட அவ ஜாஸ்தி. இனிமே அவளை எவனாச்சும் கொறை சொன்னா, அவன் மொதல்ல என்னண்ட வரணும். செல்வி, என்னை மன்னிச்சுக்க தாயி."

கொட்டாய் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த செல்வி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். அடுப்பங்கரையில் உட்கார்ந்து தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான், நான் வெளியே வந்து அழுதேன்.

அடுத்த ஞாயிறு சபையில் பாதிப் பேர் இல்லை. அந்த அம்மா மிச்சப் பேருக்குப் பேசினார். செல்வியை முன்வரிசையில் கூப்பிட்டு உட்கார வைத்தார். போனவர்கள் பலர் திரும்பவே இல்லை, அதற்காக அவர் ஒரு வார்த்தையும் வருத்தப்பட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. எங்களுக்கு இன்றைக்கு வரைக்கும் குழந்தை இல்லை. நானும் கடைசி வரைக்கும் ஞானஸ்நானம் வாங்கவில்லை. வாங்கு என்று அவர் ஒருநாளும் சொன்னதும் இல்லை.

போன வருஷம் காய்ச்சலில் கிடந்து இறந்துபோனார். கொட்டாய்க்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். மூப்பர் போதகரானார். ஷீட்டு போய்த் தளம் வந்தது. கூட்டமும் திரும்ப வந்தது. இந்த மாசம் வருஷ நினைவுக் கூட்டம். நான்தான் செட்டு. நாலு குழாய் கேட்டார்கள், கட்டினேன். கல்லறைக்கு மேலே அந்த அம்மாவின் முகம் போட்ட பெரிய ஃப்ளெக்ஸ். அதைப் பார்த்ததும் எனக்குக் கிழங்குச் சில்லு ஞாபகம் வந்தது.

போதகர் மைக்கைப் பிடித்தார். "சாமுவேல் தீர்க்கதரிசியைப் போல, நம்ம அம்மா சொன்ன ஒரு வார்த்தை கூட தரையில விழல" என்றார். ஜனங்கள் அல்லேலூயா சொன்னார்கள். "விழுந்த மாதிரி தெரிஞ்சா, அது வாங்கிக்கினவங்க விசுவாசத்துல இருந்த ஓட்டை. இந்த ஊர்லயே ஒருத்தி இருக்கா. வரம் வந்துச்சு, ஏந்திக்கத் தெரியல. அம்மா பெரிய மனசு பண்ணி அந்தப் பழியத் தம் மேல ஏத்துக்கினாங்க. பேரு சொல்ல மாட்டேன்."

பெயர் எதற்கு? எல்லாரும் செல்வியைத் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

என் கை ஸ்விட்சுக்குப் போய்விட்டது. ஒரு தட்டு தட்டினால் போதும், அவர் வாய் மட்டும்தான் அசையும். பல்லைக் கடித்துக்கொண்டு கையை எடுத்தேன். முடிக்கட்டும். நான் பயந்தவன் இல்லை.

அவர் முடித்தார். நான் எழுவதற்குள் செல்வி எழுந்துவிட்டாள். முன்வரிசையிலிருந்து நேராகப் போய் மைக்கை எடுத்தாள். முந்தானையைச் சுற்றிப் பிடித்தாள். தொண்டையைச் செருமினாள்.

"நான் தப்பா பேசினா யாராச்சும் எழுந்து கேளுங்க."

அந்த வாக்கியத்தை ஒரு வருஷமாக யாரும் கேட்கவில்லை.

"அந்த ஒருத்தி நான்தான். பேரு செல்வி. அம்மா சொன்ன வார்த்தை தரையில விழுந்துச்சு. ஒண்ணு இல்ல, மூணு. மூணையும் அவங்களே குனிஞ்சு பொறுக்கினாங்க. நம்ம ஊர்ல வேற எவன் பொறுக்கினான்? அதைப் பாத்துத்தான் நான் இங்க ஒக்காந்திருக்கேன். அவங்க பொறுக்கினதை நீங்க மறுபடி எடுத்து என் தலையில போடாதீங்க."

போதகர் என் பக்கம் திரும்பினார். "யோவ் மைக்செட்டு, அணைய்யா அதை!"

"அவ இன்னும் முடிக்கலைங்க" என்று சொல்லி, சத்தத்தைக் கூட்டினேன்.